ஒன்பதின் வர்க்கமூலம்

அன்று பதினோராம் வகுப்பில் முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். மூன்று பேர் வரவில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல். ஒருத்தி அக்காவின் வளைகாப்புக்குப் பண்ருட்டி பக்கம் போயிருந்தாள். மூன்றாமவன் ஏன் வரவில்லை என்பது அவன் கூட்டாளிகளுக்குத் தெரிந்திருந்தது, என்னிடம் சொல்லவில்லை. பிரின்சிபால் மேடம் இல்லை, டவுனில் மீட்டிங். பெரிய கணக்கு சாரும் இல்லை. கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அவர் இருந்திருந்தால் அந்த வகுப்பு அவருடையது. அவர் இல்லாததால் எனக்கு வந்தது. இரண்டாம் பெஞ்சில் சுவரோரம் அந்தப் பெண் இருந்தாள்.

நெட்டப்பாக்கம் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. நான் அங்கே ஒப்பந்த ஆசிரியர். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார், அம்மாவுக்கு அதுவும் வராது. பாகூரில் ஒரு ஷீட் கொட்டகை டியூஷனில் கணக்கு படித்தேன். அங்கே மாஸ்டர் எதையும் விளக்க மாட்டார். எதை எழுதாவிட்டால் எத்தனை மார்க் போகும் என்று சொல்லிக் கொடுப்பார். x-இன் வர்க்கம் ஒன்பது என்று வந்தால் x என்பது பிளஸ் ஆர் மைனஸ் மூன்று. அந்த மைனஸை விட்டவன் வெயிலில் நிற்க வேண்டும். நான் இரண்டு முறை நின்றிருக்கிறேன். மூன்றாவது முறை நிற்கவில்லை. வர்க்கமூலம் என்ற சொல்லைக் கேட்டாலே கை தானாகப் பிளஸ் ஆர் மைனஸ் போடும். அப்படித்தான் நல்ல மார்க் வாங்கினேன், அப்படித்தான் வாத்தியார் ஆனேன்.

அதற்கு முந்தைய இரண்டு வாரம் விகிதமுறு சார்புகள் நடத்தினேன். நன்றாகப் போனது. கீழே உள்ள கோவை பூஜ்ஜியம் ஆகக் கூடாது என்று புத்தகத்தில் உள்ளபடி சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதனால் மனையை எடுத்துக்கொண்டேன். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள், நெல் வயலில் கல் நட்டுக் கொடி கட்டியிருக்கும் இடங்களைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஆயிரத்து இருநூறு சதுர அடி மனை. முகப்பு முப்பது அடி என்றால் ஆழம் நாற்பது. இருபது என்றால் அறுபது. முகப்பைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.

“ஒரு அடின்னா?”

“ஆயிரத்து எர்நூறு அடி உள்ள போவணும் சார். பின்னாடி ஆத்துல போய் முடியும்.”

“முகப்பே பூஜ்ஜியம்னா?”

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான்: “பத்திரம் இருக்கும் சார். மனை இருக்காது.”

“எங்க மாமாவுக்கு அப்டித்தான் சார் ஒண்ணு வித்துட்டானுங்க” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு பகுதியில் பூஜ்ஜியம் வரக் கூடாது என்பதை ஒருவரும் மறக்கவில்லை. ஒரு முகப்புக்கு ஒரே ஓர் ஆழம்தான், இரண்டு வந்தால் அது சார்பே இல்லை என்றும் நான்தான் எழுதச் சொன்னேன். வெளியே வராந்தாவில் போன பிரின்சிபால் மேடம் நின்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குத் தரை கொஞ்சம் கீழே இருந்தது அந்த வாரம்.

அன்று தொடங்கிய அடுத்த பாடம் வர்க்கமூலக் குறி உள்ள சார்புகள். ஆங்கிலப் புத்தகம். நான் பன்னிரண்டு வரை தமிழில் படித்தவன். புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: இந்தக் குறி குறிப்பது எதிர்க்குறி இல்லாத வர்க்கமூலத்தை. அதைப் படித்தேன், தாண்டினேன். வரையறை எல்லாம் இப்படித்தான் சுற்றி வளைத்து இருக்கும் என்று நினைத்தேன். கணக்குகளை என் பழைய டியூஷன் நோட்டிலிருந்து எடுத்தேன். √(x + 7) = x − 5.

“ரெண்டு பக்கமும் ஸ்கொயர் பண்ணு. ரூட் ஓடிப்போயிடும்” என்றேன். இருபடிச் சமன்பாடு வந்தது. காரணிப்படுத்தினோம். ஒன்பது, இரண்டு. என் நோட்டில் மாஸ்டர் இரண்டு விடையையும் கட்டம் கட்டியிருந்தார். நானும் கரும்பலகையில் இரண்டுக்கும் கட்டம் போட்டேன்.

இரண்டாம் பெஞ்சிலிருந்து அந்தப் பெண் எழுந்தாள். கரையாம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அம்மா நடவுக்கும் கரும்புக்கும் கூலிக்குப் போகிறார், அப்பா திருபுவனை பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. அதிகம் பேசாத பெண்.

“சார், ஒரு டவுட். ரெண்டு போட்டுப் பாத்தேன். இந்தப் பக்கம் ரூட் ஒம்பது, மூணு வருது. அந்தப் பக்கம் ரெண்டு மைனஸ் அஞ்சு, மைனஸ் மூணு வருது. ரெண்டும் ஒண்ணா இல்ல சார்.”

கட்டம் போட்ட இரண்டைத் திரும்பிப் பார்த்தேன். அது ஒரு நொடிதான். பிறகு மாஸ்டரின் குரல் என் வாயில் வந்துவிட்டது.

“ரூட் ஒம்பது இன்னா?”

“மூணு சார்.”

“மூணு மட்டுமா?” என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டேன்.

“பிளஸ் ஆர் மைனஸ் மூணு!” என்று மொத்த வகுப்பும் கத்தியது.

“அப்ப மைனஸ் மூணு இருக்குதா, இல்லியா?”

“இருக்குது சார். ஆனா…”

“ஆனா இன்னா? தனியா கணக்கு புக் எழுதப் போறியா நீ?”

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவள் அவள் பாவாடையை இழுத்து உட்கார வைத்து, “எழுதுனா எனக்கும் ஒரு காப்பி குடுடி, எக்ஸாமுக்குப் படிச்சிக்கிறேன்” என்றாள். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து பையன்கள் அவளைப் புக்கு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பத்து நாள் கழித்துப் பிரின்சிபால் மேடம் என்னைக் கூப்பிட்டார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக டவுனில் ஒரு சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகக் கோச்சிங் நடத்துகிறார்கள். புத்தகம், சாப்பாடு, வேன் எல்லாம் அவர்களே. இரண்டு வருடம், பன்னிரண்டு முடியும் வரை. எங்கள் பள்ளிக்கு இரண்டு இடம். “பெரிய சார் லீவு. நீங்களே ஒரு டெஸ்ட் வெச்சி ரெண்டு பேரக் குடுங்க சார்” என்றார்.

செய்தி கேட்டு வகுப்பே மாறிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில்கூட நோட்டு திறந்திருந்தது. இரண்டாம் பெஞ்சுப் பெண்ணிடம், “வூட்ல சொன்னியா?” என்று கேட்டேன். “சொன்னேன் சார். இது கெடச்சா பன்னண்டாவது வரைக்கும் டியூஷன் பத்தி யோசிக்கவே வேணாம்னு அம்மா சொல்லிச்சி” என்றாள். இன்ஜினீயரிங் சேர வேண்டும் என்பது அவள் எண்ணம். அதை அவள் சொல்லவில்லை, நோட்டின் கடைசிப் பக்கத்தில் கல்லூரிப் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஐம்பது மார்க்குக்குத் தேர்வு. கேள்வித்தாள் நான், திருத்தியதும் நான். ஐந்து மார்க் கேள்வி ஒன்றாக வகுப்பில் போட்ட அந்த மூலக் கணக்கையே, அதே எண்களோடு போட்டிருந்தேன். எல்லாத் தாள்களிலும் ஒன்பது, இரண்டு, இரண்டுக்கும் கட்டம். அவள் தாளில் மட்டும் ஒன்பதுக்குக் கட்டம். இரண்டை எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டு, ‘பொருந்தவில்லை’ என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். பிரதியிட்டுப் பார்த்ததையும் ஓரத்தில் காட்டியிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. வகுப்பில் சொல்லியும் கேட்காமல் அவள் தன் போக்கில் எழுதியிருக்கிறாள் என்ற கோபம். சிவப்பு மையில் ‘இரண்டாவது விடை எங்கே?’ என்று எழுதி இரண்டு மார்க் குறைத்தேன்.

முதல் இடம் ஒரு பெண்ணுக்கு, நாற்பத்தைந்து. இரண்டாவது ஒரு பையனுக்கு, நாற்பத்தொன்று. அவளுக்கு நாற்பது. திங்கட்கிழமை இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்டாஃப் ரூம் வாசலில் அவள் நின்றாள். கையில் தாள்.

“இன்னாம்மா?”

“சண்ட போட வரல சார்.” அதை முதலில் சொன்னாள். “கால்குலேட்டர்ல ரூட் ஒம்பது போட்டா மூணு மட்டும்தான் சார் வருது. மைனஸ் மூணு வர மாட்டுது. நாலு பேர் கால்குலேட்டர்ல பாத்துட்டேன்.”

“மெஷின் ஒரு விடைதான் காட்டும். மனுஷன்தான் ரெண்டும் எழுதணும். போ.”

போய்விட்டாள். தாளை மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மறந்து வைத்தாளா, வேண்டுமென்று வைத்தாளா தெரியாது. அடுத்த பீரியட் எனக்கு வகுப்பு இல்லை. அவள் தவறு என்று அவளுக்கே காட்டுவதற்காக ஒரு கிராஃப் தாள் எடுத்தேன். x-இன் மதிப்பு மைனஸ் ஏழு என்றால் மூலம் பூஜ்ஜியம். மைனஸ் ஆறு என்றால் ஒன்று. மைனஸ் மூன்று என்றால் இரண்டு. இரண்டு என்றால் மூன்று. ஒன்பது என்றால் நான்கு. புள்ளிகளைச் சேர்த்தேன். வலப்பக்கம் மெதுவாக ஏறும் ஒரு வளைவு. பிறகு x − 5 என்ற நேர்க்கோடு. இரண்டும் ஒன்பதில் வெட்டின. இரண்டில் வளைவு மேலே இருந்தது, கோடு அச்சுக்குக் கீழே கிடந்தது. நடுவில் ஆறு கட்டம்.

சரி, மைனஸ் மதிப்புகளையும் போடலாம் என்று பென்சிலைக் கீழே கொண்டுபோனேன். அங்கேயே நின்றுவிட்டேன். கீழேயும் போட்டால் ஒரு x-க்கு இரண்டு y. அது சார்பே இல்லை. முகப்பும் ஆழமும் வைத்து நானே சத்தமாக எழுதச் சொன்ன வாக்கியம்.

புத்தகத்தை எடுத்து அந்த ஒரு வரியைத் திரும்பப் படித்தேன். இந்த முறை அது சுற்றி வளைத்து எதையும் சொல்லவில்லை. நேராகத்தான் சொல்லியிருந்தது.

பெரிய கணக்கு சாருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“ஏம்பா, x ஸ்கொயர் ஒம்பதுன்னா பிளஸ் ஆர் மைனஸ். ரூட் குறிய நீயே போட்டுட்டா பாசிட்டிவ் மட்டுந்தான். ஸ்கொயர் பண்ணும்போது இல்லாத ஒண்ணு உள்ள வந்துடும், அதான் போட்டுப் பாக்கணும். இது தெரியாமலா கிளாஸ் எடுத்த?”

“எனக்கு இப்டித்தான் சார் சொல்லிக் குடுத்தாங்க.”

“லிஸ்ட் போயிடிச்சா?”

“நேத்து போயிடிச்சி சார்.”

“அப்ப வுடு. நல்லாப் படிக்கிற பொண்ணு, எப்டியாவது மேல வந்துடும். இந்த மாசம் உன் ரெனிவல் வேற. நீயா போயி வாயக் குடுக்காத.”

அவர் கெட்டவர் இல்லை. என் மேல் அக்கறையோடுதான் சொன்னார். அதனால்தான் அந்தப் பேச்சு எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

புதன்கிழமை பிரின்சிபால் அறை வரைக்கும் போனேன். உள்ளே யாரோ பெற்றோர் பேசிக்கொண்டிருந்தார்கள். காத்திருந்திருக்கலாம், காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை எந்தச் சாக்கும் இல்லை. அன்று முழுக்க இரண்டாம் பெஞ்சைப் பார்க்காமல் பாடம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கிளார்க் என் ரெனிவல் படிவத்தைக் கொண்டுவந்தார். “கையெழுத்துப் போடு சார், மேடம் இன்னிக்கே மேல அனுப்பணும்னாங்க.” போட்டேன். இது போகட்டும், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தெரியாமல் செய்ததை நான் எனக்குள் ஒருவாறு மன்னித்துக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமையை மன்னிக்க இன்னும் முடியவில்லை.

திங்கட்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன்பே மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிராஃப் தாளையும் அவள் விடைத்தாளையும் மேஜை மேல் வைத்தேன். மேடம் ஆங்கிலம் படித்தவர். கணக்கைப் பார்க்கவில்லை, சிவப்பு மையைப் பார்த்தார்.

“அப்ப இவளுக்கு எவ்ளோ வரணும்?”

“நாப்பத்திரண்டு மேடம்.”

“அந்தப் பையனுக்கு?”

“ரெண்டு விடையும் எழுதியிருக்கான். முப்பத்தொம்பது.”

“எப்ப தெரியும் சார் உங்களுக்கு?”

பொய் சொல்ல நேரம் இருந்தது. “செவ்வாய்க்கெழம மேடம்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வெள்ளிக்கெழம மத்தியானம் வரைக்கும் பேர மாத்திக்கலாம்னு அவங்க சொல்லியிருந்தாங்க. ஒரு போன்ல முடிஞ்சிருக்கும்.”

என் முன்னாலேயே போன் செய்தார். மூன்றாவது இடம் ஒன்று கேட்டார், கெஞ்சாத குறை. அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, முதல் வகுப்பே நடந்துவிட்டது. அடையாள அட்டை, புத்தகம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. வேனில் இடமும் இல்லை.

“பையன எடுத்துட்டு இவளப் போடலாமான்னு கேக்காதீங்க. அவன் இன்னா தப்பு பண்ணான்? நீங்க சொல்லிக் குடுத்தத எழுதினான்.” பிறகு, “போய் கிளாஸ்ல சொல்லுங்க. அதையாவது இன்னிக்கே சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். கரும்பலகையில் வளைவையும் கோட்டையும் வரைந்து, இரண்டு ஏன் விடை இல்லை என்று காட்டினேன். நான் சொல்லிக் கொடுத்தது தவறு என்றும், சரியாகச் செய்தவள் ஒருத்திதான் என்றும் சொன்னேன்.

“அப்ப எங்களுக்குப் போட்ட அஞ்சு மார்க்கு சார்?” என்றான் ஒருவன்.

“அதுல ரெண்டு கெடையாது.”

“அட போங்க சார், இப்பதான் வூட்ல மார்க்க காட்டி புது செருப்பு வாங்கினேன்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொள்ளவில்லை. தேர்வான பையன் எழுந்து நின்றான். புதுப் புத்தகங்கள் அவன் பையில் இருந்தன, வாய் மூடாமல் பிதுங்கிக்கொண்டு. “சார், அப்ப நான் போவக் கூடாதா?” என்றான்.

“நீ போ. உன் தப்பு எதுவும் இல்ல.”

அவன் உட்காரவில்லை. திரும்பி இரண்டாம் பெஞ்சைப் பார்த்தான். அவள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதவில்லை. அவளுக்கு அதில் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை. அன்று யாரும் அவளைப் புக்கு என்று கூப்பிடவில்லை.

சனிக்கிழமை கரையாம்புத்தூரில் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறினார்.

“இன்னா சார், பொண்ணு எதனா பண்ணிட்டாளா?”

“இல்லம்மா. நான்தான் பண்ணிட்டேன்.”

நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கணக்கை விட்டுவிட்டு அவருக்கு வேண்டியதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“அவ எழுதுனது சரி. ஆனா எடம் போயிடிச்சி. அப்டித்தானே சார்?”

“ஆமாம்மா.”

“ஏன்டி, அன்னிக்கே சார்கிட்ட சொல்லக் கூடாதா?”

வாசற்படியில் நின்ற மகள், “சொன்னேம்மா. கிளாஸ்ல ஒரு வாட்டி, அப்பறம் ரூம்ல ஒரு வாட்டி” என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எண்ணிச் சொன்னாள், அவ்வளவுதான்.

“நான் தெனமும் ஸ்கூல் விட்டப்பறம் சொல்லிக் குடுக்கறேம்மா. காசு எதுவும் வேணாம்” என்றேன்.

அம்மா மகளைப் பார்த்தார். அவள் கொஞ்ச நேரம் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

“வேணாம் சார்” என்றாள். “உங்ககிட்ட எனக்கு டவுட் கேக்க வரல சார் இப்ப. கேக்கலாம்னு எழுந்தா அன்னிக்கி சிரிச்சது ஞாபகம் வருது. கேக்காம உங்ககிட்ட டியூஷன் வந்து இன்னா சார் பண்றது?”

வில்லியனூரில் பணம் கட்டிப் படிக்கும் இடம் ஒன்று இருப்பதாகவும், அங்கே கேட்டுவிட்டு வந்ததாகவும் அம்மா சொன்னார். அப்படியென்றால் அந்த ஃபீஸை நான் கட்டுகிறேன் என்றேன். அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

“உங்க பணம் வேணாம் சார். வாங்கிட்டோம்னா நாளிக்கி அவ உங்க கிளாஸ்ல எப்டி ஒக்காருவா? நீங்கதான் எப்டி அவள ஒரு வார்த்த கேப்பீங்க?” பிறகு, “டீ குடிச்சிட்டுப் போங்க” என்றார். குடித்தேன்.

அடுத்த மாதம் அவள் வில்லியனூரில் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமைகளில் கடைசி பீரியடுக்கு முன்பே கிளம்ப அனுமதி கேட்டு ஒரு கடிதம் கொடுத்தாள். அத்தாட்சிக்காக ரசீதைப் பின்னால் பின் செய்திருந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். மகளிர் குழுவில் அம்மா எடுத்த லோனில் கட்டியது என்று பிறகு தெரிந்தது. ஃபீஸ் பதினாறாயிரம், புத்தகத்துக்கு ஆயிரத்து எண்ணூறு. மொத்தம் பதினேழாயிரத்து எண்ணூறு ரூபாய்.